அறுபது வரை ஓடிய சிவப்புக் கோடு

தங்கராஜுவின் கையைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருந்தது. வாயைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அது திறக்க வேண்டிய நேரத்தில் ஒருநாளும் திறந்ததில்லை, பிறகு என்ன சொல்வது?

கை வேறு ரகம். கட்டம் போட்ட தாளில் நூறு புள்ளிகள் இறைந்து கிடந்தாலும், ஈயக் கம்பி வைத்த ரப்பர் அளவுகோலை இப்படியும் அப்படியும் நெளித்து, நடுவே ஒரே மூச்சில் ஒரு வளைகோடு இழுத்துவிடுவான். அந்தக் கைக்காகத்தான் 1972இல் சிரம்பான் தெமியாங்கில் இருந்த ஒரு தோட்டக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்தது. நட்ட ரப்பர் பால்மரம் எத்தனை வருஷத்தில் எவ்வளவு பருக்கும், உரம் கூடக் கூடப் பால் எதுவரை கூடும், எந்த அளவுக்கு மேல் கொட்டினாலும் மரம் கண்டுகொள்ளாது, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கோடு இருந்தது. பதினாறு வருஷம் அந்தக் கோடுகளைப் போட்டவன் அவன்.

அந்தக் கைக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்தவள் அவன் அக்கா ராக்கம்மா. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். தாய் தங்கராஜுவைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் சன்னாசி 1955இல் மரம் சாய்ந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பெயர் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அப்போது தங்கராஜுவுக்கு நான்கு வயது, ராக்கம்மாவுக்குப் பன்னிரண்டு. கணக்கு எழுதும் கிராணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பதினேழுன்னு எழுதிக்கிறேன். யாராச்சும் கேட்டா மாத்திச் சொல்லாதே" என்றார். அடையாள அட்டையான ஐ.சி.யிலும் அதே வயது ஏறியது. பேனாவின் ஒரே இழுப்பில் ஐந்து வருஷம் போயிற்று.

அந்த ஐந்து வருஷம் அவளை விடவில்லை. 1963இல் லுக்குட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு இருபத்து மூன்று, அவளுக்கு இருபது, ஐ.சி.யில் இருபத்தைந்து. மாப்பிள்ளையின் சித்தப்பா ஐ.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு மூத்ததா இருக்கே" என்று எழுந்து போய்விட்டார். நடந்ததைச் சொன்னபோது யார் நம்பினார்கள்? "கடுதாசில நான் கெழவி ஆயிட்டேன்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுநாள் விடியலில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினாள். தம்பியைப் போர்ட்டிக்சனில் ஐந்தாம் பாரம் வரை படிக்க வைத்தாள். அவன் சிரம்பான் பக்கம் ராசாவில் வீடு வாங்கி, லெட்சுமியைக் கட்டி, பேன்ட் சட்டைக்காரன் ஆனான். அவள் அதே லயத்தில், அதே மர நிரையில், அதே பால் வெட்டும் உளியோடு இருந்தாள்.

1988இல் ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே டாக்டர் உடையப்பனும் வந்தார். சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை. கடையை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு வெளிநாட்டில் புள்ளியியல் படித்தவர். பேச்சில் தேன் வடியும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது இவர்தான்.

"தங்கராஜு, கையால கோடு போடுற காலம் முடிஞ்சுபோச்சு. கை பொய் சொல்லும். இது சொல்லாது" என்று கம்ப்யூட்டரின் தலையைத் தட்டினார்.

பதினாறு வருஷக் கையை ஒரு தட்டில் முடித்தார். தங்கராஜு தலையை ஆட்டினான். மனசுக்குள் ரோஷம் பொங்கியது. இந்த மிஷினையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று தடித்த ஆங்கிலக் கையேட்டை வீட்டுக்குத் தூக்கிப் போனான்.

வேலை இதுதான். நீங்கள் ஒரு சூத்திரத்தைக் கொடுக்க வேண்டும், அதிலுள்ள எண்களுக்குக் குத்துமதிப்பாக ஒரு தொடக்கமும் கொடுக்க வேண்டும். புரோகிராம் அந்த எண்களைத் திருகித் திருகி, புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகிற வளைகோட்டைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் 'பொருந்தியது' என்று திரையில் வரும். முடியாவிட்டால் 'பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் முகத்தில் அடிக்கும்.

கண்டுபிடித்த கோட்டைத் தாளில் போடுவது தனி வித்தை. அதற்கென்று ஒரு மேசை இருந்தது. அதன் மேல் ஓர் இரும்புக் கை நகர்ந்து நகர்ந்து கலர் பேனாக்களை எடுத்து வரையும். முதல் தடவை, மரங்களின் வயதையும் பருமனையும் கொடுத்து, கணித்த எண்களைக் கோட்டால் சேர்க்கச் சொன்னான். மிஷினுக்கு என்ன தெரியும்? எழுதிப் போட்ட வரிசையிலேயே சேர்த்தது. ஐந்து வயது மரத்திலிருந்து இருபதுக்குத் தாவி, அங்கிருந்து எட்டுக்குத் திரும்பி, மறுபடி பதினெட்டுக்குப் பாய்ந்தது.

"என்ன தங்கராஜு இது, மீ கோரேங்கா?" என்று வறுத்த நூடுல்ஸுக்கு ஒப்பிட்டு உடையப்பன் சிரித்தார். டைப் அடிக்கிற பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பதினாறு வருஷத்தில் அவன் கோட்டைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்குள் போய் முள்ளாகத் தைத்தது.

கையேட்டில் அதற்கு வழி இருந்தது. உண்மையான புள்ளிகளைக் கோட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, அரை அரையாக ஏறுகிற ஒரு வெற்று வரிசையை நாமே உண்டாக்க வேண்டும். பொருந்திய சூத்திரத்தில் அதைக் கொடுத்து, வருகிற விடைகளைச் சேர்த்தால் கோடு வழுவழுவென்று வரும். எந்த எண் வரை என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். நூறு என்று சொன்னால் நூறு வரை போடும். அங்கே மரம் உண்டா, மண் உண்டா என்று அது கேட்காது.

1989இல் கம்பெனிக்கு ஒரு சந்தேகம் வந்தது. மரத்துக்கு வயதானால் பால் குறைகிறது. பால் வெட்டுகிற ஆளுக்கு வயதானால்? எந்த வயதில் ஆளை மாற்றினால் லாபம்? அதற்கும் ஒரு கோடு வேண்டும் என்றார்கள். எடை எடுக்கத் தேர்ந்தெடுத்த தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம். தங்கராஜு பிறந்த தோட்டம்.

அவன் கிளிப்போர்டோடு போய் இறங்கியபோது வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் முருகையா பிரட்டுக் களத்தில் கத்தினார். "நம்ம ராக்கம்மா தம்பி வந்திருக்கான். ரிசர்ச்சாம். ஆளாளுக்குத் தனித்தனியா எடை போடுங்க. பிள்ளைக்குத் தொந்தரவு குடுக்காதீங்கலா."

ஒருவரும் தொந்தரவு கொடுக்கவில்லை. மூன்று மாதம், நூற்று ஐம்பத்திரண்டு பேர், பால் வாளியைத் தோளில் காண்டாக் கம்பில் சுமந்து வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். எதற்கு இந்த எடை என்று ஒரே ஓர் ஆள்தான் கேட்டார். "சும்மா, ஒரு கணக்குக்கு" என்றான். ராக்கம்மா வாளியை இறக்கிவிட்டு நிமிர்ந்து, தராசு முள்ளை அவனுக்கு முன்னால் தானே படித்துச் சொன்னாள். கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலெல்லாம் சேர்த்து, காய்ந்த எடையில் நாளுக்குப் பதினாறு கிலோ. நூற்று ஐம்பத்திரண்டு பேரில் ஏழாவது. அவள் முகத்தில் அன்றைக்கு எவ்வளவு பெருமை! தம்பி தன் எடையை எழுதுகிறான் என்ற பெருமை.

ஆளின் வயதுக்கும் பாலுக்கும் உடையப்பன் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். மேல்நாட்டில் பசு மாட்டின் கறவைக்காக எழுதியது. கன்று போட்டதும் பால் ஏறும், உச்சம் தொடும், பிறகு மெல்ல வற்றும். அதையே ஆட்களுக்கு மாட்டினார்கள். அதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை, தங்கராஜுவுக்கும் இல்லை.

மாடு படியவில்லை. புரோகிராம் 'பொருந்தவில்லை' என்றது. தொடக்க எண்களை மாற்றினான். 'பொருந்தவில்லை.' நான்கு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தான். கடைசியில் பொருந்தியபோது கோடு முப்பதில் ஏறி, அப்படியே தரைபோலத் தட்டையாக ஓடியது. காரணம் திரையிலேயே தெரிந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பன்னிரண்டு பேர். வற்ற வேண்டிய இடத்தில் பன்னிரண்டு புள்ளிகளும் மேலேயே நின்றன. அதில் ஒன்று அவன் அக்கா.

உடையப்பன் எட்டிப் பார்த்தார். "ஏன் இறங்கல? வெள்ளிக்கிழமை டைரக்டருங்க வர்றாங்க. இதக் காட்டினா, என்னய்யா ஆராய்ச்சின்னு கேப்பாங்க." பிறகு தற்செயலாகக் கேட்பதுபோல, "இந்தப் பெரியவங்க வயசெல்லாம் சரியா இருக்குமா?" என்றார்.

"இருக்காது சார். அந்தக் காலத்துக் கிராணிங்க இஷ்டத்துக்கு எழுதினது. எங்க அக்காவுக்கே அஞ்சு வருஷம் கூட."

வாயே திறக்காதவன் அதற்குத்தான் வாயைத் திறந்தான்.

"அப்படின்னா அது நம்பக்கூடிய டேட்டா இல்லியே" என்றார் உடையப்பன். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

செய்வது சுலபம். வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், புரோகிராம் அந்த ஆளைத் தாண்டிப் போய்விடும். தங்கராஜு பதினொரு நட்சத்திரம் போட்டான். பன்னிரண்டாவது வரியில் விரல் கொஞ்சம் நின்றது. தன் அக்கா என்பதற்காக ஒருத்தியை மட்டும் விட்டுவைத்தால் அது ஆராய்ச்சியாகுமா என்று நியாயம் பேசிக்கொண்டு அதையும் போட்டான். வளர்த்த கடா மார்பில் பாய்வது இப்படித்தான். கொம்பு தெரியாது.

உடனே பொருந்தியது. முப்பதில் உச்சம், பிறகு அழகான இறக்கம். மீதிப் புள்ளிகள் நாற்பத்தைந்தோடு முடிந்திருந்தன. ஆனால் தாள் அறுபது வயது வரை அச்சடித்துக் கட்டம் போட்ட தாள், வலது பக்கம் காலியாகக் கிடந்தது. கோடு பாதியில் நின்றால் மொண்ணையாகத் தெரியுமே என்று, பதினைந்திலிருந்து அறுபது வரை என்று கொடுத்தான். இரும்புக் கை சிவப்புப் பேனாவை எடுத்தது. ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. கம்பெனி கேட்கிற குறைந்தபட்ச எடைக்குப் பச்சையில் ஒரு நேர்கோடு இருந்தது. சிவப்பு அதை நாற்பத்தெட்டில் வெட்டிக் கீழே போனது.

வெள்ளிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. ஒரு டைரக்டர் எழுந்து வந்து சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். உடையப்பன் தங்கராஜுவின் தோளில் கை வைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தான். ஓரத்தில் மை சொட்டியதால் ஒதுக்கிய பிரதி ஒன்று இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனான். ராக்கம்மா தாளை விரித்துப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்குப்பா! நீயா போட்டே?" என்றாள்.

"நான்தான்க்கா."

"இந்தப் புள்ளியெல்லாம்?"

"ஒவ்வொண்ணும் ஒரு ஆளு."

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

தங்கராஜு தாளைப் பார்த்தான். உச்சத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புள்ளி இருந்தது. அதில் விரலை வைத்தான். "இதோ. ஆக உசரத்துல இருக்கே பாரு" என்றான். அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் லுக்குட்டில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்து ஆபிசில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தெட்டு முடிந்தவர்களுக்கு இனி வெட்டு வேலை இல்லை. வேண்டியவர்கள் குத்தகைக்காரரிடம் புல்லுக்கு மருந்து அடிக்கப் போகலாம். செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள் மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வயது? ஐ.சி.யில் உள்ளபடி. கோடு போடும்போது நம்ப முடியாத வயது, ஆளைத் துரத்தும்போது கல்வெட்டு ஆகிவிட்டது. ராக்கம்மா, ஐம்பத்தொன்று. உண்மையில் நாற்பத்தாறு. அன்று காலைகூடப் பதினாறு கிலோ இறக்கியிருந்தாள்.

அவள் பஸ் ஏறி ராசாவுக்கு வந்தாள். லெட்சுமி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். ராக்கம்மா கிளாசைத் தொடவில்லை.

"தம்பி, அந்தக் கோட்டப் பாத்துதான் நிப்பாட்டினாங்களாம். மண்டோரு சொல்றாரு."

"ஆமாக்கா."

"கொஞ்சம் மேல தூக்கிப் போட முடியாதாப்பா? ரெண்டு வெரக்கட தூக்கினாக்கூடப் போதும். லயத்து வீட்டுல அப்பா செத்தாரு, நீ நடக்கப் பழகுனே. அத விட்டுட்டு நான் எங்க போவேன்?"

"அது நான் போட்டதில்லக்கா. கம்ப்யூட்டர் போட்டது. அத யாரும் மாத்த முடியாது."

ராக்கம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். "நீ போட்டதுன்னு லயத்துல எல்லாரும் பேசுறாங்க. நான் போயிச் சொல்லிடுறேன், மிஷின் போட்டதாம்னு." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் தங்கராஜு பன்னிரண்டு நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். கோடு முன்போலத் தட்டையாக வந்தது. அறுபது வரை பச்சையைத் தொடவே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு உடையப்பனிடம் போனான். அவனுக்காக இவ்வளவாவது சொல்ல வேண்டும், போகத்தான் செய்தான்.

உடையப்பன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதையும் நீங்கதான் போட்டீங்க, அதையும் நீங்கதான் போட்டீங்க. எது தப்புன்னு டைரக்டர்கிட்ட எழுதிக் குடுக்கிறீங்களா? தப்பு செஞ்சது யாருன்னும் எழுதணும்" என்றார் தேன் வடிய. "உங்க புரமோஷன் பேப்பர் மேல போயிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கராஜு யோசித்தான். புதுத் தாளை நான்காக மடித்து மேசை டிராயரின் அடியில் வைத்தான். புரமோஷன் வந்தது.

லயத்தில் அவனைக் காறித் துப்பக் காத்திருந்தவர்கள் உண்டு. ராக்கம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், "என் தம்பி மேல குத்தமில்ல. மிஷின் போட்ட கோடு. அவனுக்கும் மனசு கேக்கல, அழுவுறான்." அவன் அழவில்லை. ஆனால் அவள் சொல்லை அந்த லயத்தில் தட்டுகிற ஆள் இல்லை, துப்ப வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்த அன்று துணி மூட்டை, சாமி படம், உளி, கண்ணாடி போட்ட அந்தக் கோடு, இவ்வளவும் ஒரே லோரியின் மூலையில் அடங்கிவிட்டன. தம்பி வீட்டுக்கு அவள் வரவில்லை. வா என்று அவனும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. தோட்டத்துக்கு வெளியே பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் ஒரு பலகை வீட்டில் குடியேறி, மருந்துத் தோம்பை முதுகில் கட்டிக்கொண்டு புல்லுக்கு அடிக்கப் போனாள்.

1994 தீபாவளிக்கு வழக்கம்போல முறுக்கு டப்பாவோடு அங்கே போனான். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சோறு போட்ட கையில் நகங்கள் மருந்து பட்டு மஞ்சளாகி, இரண்டு விரலில் உதிர்ந்தே போயிருந்தன. அவன் நிமிர்ந்தான். எதிரே சுவரில் சிவப்புக் கோடு. உச்சத்துப் புள்ளியின் மேல், கண்ணாடியில் குங்குமம். ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்துவைத்துத் தடித்துப்போன குங்குமம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் சோறு தின்ன வேண்டியிருந்தது.

அந்த வருஷம் அவனால் முடியவில்லை. "அக்கா, அந்தப் படத்த எடுத்துடேன். பழசாயிருச்சு."

"ஏன், கண்ண உறுத்துதா?" ராக்கம்மா குழம்பை ஊற்றினாள். "அது நான் இல்லன்னு எனக்குத் தெரியும்பா."

அவன் கை சோற்றில் நின்றது.

"எழுத்துதான் எனக்குத் தெரியாது. நம்பரு தெரியும். முப்பத்தி நாலு வருஷம் தராசு பாத்தவ. கண்ணாடி போட்டு மாட்டுன அன்னிக்கே கீழ இருக்கிற நம்பரப் பாத்தேன். நீ வெரல் வெச்சது முப்பத்தி மூணு மேல. சரி, புள்ள மறந்துட்டான்னு அம்பத்தொண்ணத் தேடுனேன். நாப்பத்தாறையும் தேடுனேன். அங்க கோடு மட்டும்தான் போவுது. ஆளே இல்ல."

அப்படியென்றால் அவள் ராசாவுக்கு வந்து கெஞ்சியது எல்லாம் தெரிந்துதான். 'அப்ப சரி' என்றதும் தெரிந்துதான். வீடு வீடாகப் போனதும்.

"பின்ன ஏன்க்கா லயத்துல மிஷினுன்னு சொன்னே?"

"நீ சொன்னதத்தானே சொன்னேன். உன் பேரு கெட்டா வளத்தவ பேரும் அதுல இருக்குல்ல."

"அப்ப அந்தக் குங்குமம்?"

"அது நான் இல்லன்னா வேற யாரோ ஒரு பொண்ணுதானே. முப்பத்தி மூணு வயசு. நல்லா வெட்டுறவ. அவளுக்கும் ஒருநாளு நாப்பத்தெட்டு வரும்ல? அதான் வெக்கிறேன். யாருன்னுதான் தெரியல. உனக்குத் தெரியுமாப்பா?"

அவனுக்குத் தெரியும். எழுபத்தொன்றாவது வரி. வள்ளிநாயகி, அதே லயத்தில் ராக்கம்மாவுக்கு அடுத்த வீடு. ராக்கம்மா உளி பிடிக்கப் பழக்கிவிட்டவள். பெயரைச் சொல்லியிருந்தால் அக்கா சந்தோஷப்பட்டிருப்பாள்.

"தெரியலக்கா" என்றான். ராக்கம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டான்.